ஒபிலிஸ்க்குகளை எகிப்து திருப்பிக் கேட்க வேண்டாமா?

கேள்வி (பிப்ரவரி 3)

போன மாதம் ரோம் போய் வந்தேன். எந்தச் சதுக்கத்தில் நின்றாலும் நடுவில் ஒரு ஒபிலிஸ்க், அதாவது ஒரே கல்லில் செதுக்கிய உயரமான எகிப்தியத் தூண். எகிப்தில் நிற்பதைவிட இங்கே நிற்பவைதான் அதிகம் என்று கைடு சொன்னார். பாரிஸில் ஒன்று, லண்டனில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று, இஸ்தான்புல்லில் ஒன்று. எல்லாம் திருட்டுச் சொத்துதானே? ஏன் யாரும் திருப்பிக் கேட்பதில்லை? அதைவிட, அவ்வளவு பெரிய ஒற்றைக் கல்லை எப்படித்தான் கொண்டுபோனார்கள்?

பிப்ரவரி 3, இரவு 11.10

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விதான் என் தொழில், அதிலிருந்தே தொடங்குகிறேன். 26 வருடமாகப் பாரம் தூக்கும் வேலை. சென்னையில் கலாசியாகச் சேர்ந்தேன், வளைகுடாவில் ரிக்கிங் (கயிறு, கப்பி கட்டிப் பாரம் தூக்குவது) ஃபோர்மேன் ஆனேன், இப்போது லண்டனில். நான் கையாண்டதிலேயே பெரியது 180 டன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அதற்கு எத்தனை சக்கரம், எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து!

பாரிஸ் தூண் சுமார் 230 டன். ரோமில் லாத்தரன் தேவாலயத்தின் பக்கத்தில் நிற்பது அதைவிடக் கனம், 32 மீட்டர் உயரம். இன்று உலகில் நின்றுகொண்டிருப்பவற்றில் அதுதான் பெரியது. அத்தனையும் அஸ்வான் குவாரியின் சிவப்புக் கருங்கல், ஒரே கல். கீழ் எகிப்துக்கும் தீப்ஸுக்கும் (இன்றைய லக்சர் பகுதி) நைல் வழியாகப் படகில் கொண்டுவந்ததே ஒரு சாதனை. பிறகு ரோமர்கள் அதையே கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

ரோமில் 13 எகிப்தியத் தூண்கள் நிற்கின்றன. ஆக உன் கைடு சொன்னது சரிதான்.

பிப்ரவரி 4, காலை

அவசரப்பட்டுவிட்டேன். 13 என்பது ரோமில் நிற்கும் பழைய தூண்களின் மொத்தக் கணக்கு. அதில் 8தான் பரோக்கள் (பழைய எகிப்திய மன்னர்கள்) செதுக்கியவை. மற்ற 5 ரோமர் காலத்தில் செய்தவை. எகிப்தியக் கல் மாதிரியே வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறார்கள். ஸ்பானியப் படிக்கட்டின் உச்சியில் நிற்கிறதே, அது அந்த வகை.

"எகிப்தைவிட ரோமில் அதிகம்" என்பதும் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. வைத்த இடத்திலேயே இன்னும் நிற்கும் பெரிய தூண்கள் எகிப்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கெய்ரோவின் மத்தாரியாவில் முதலாம் செனுஸ்ரெத்தின் தூண், லக்சர் கோயில் வாசலில் ஒன்று, கர்னாக்கில் ஹட்செப்சுத்தின் தூணும் முதலாம் துட்மோஸின் தூணும். சின்னவற்றையும், எகிப்துக்குள்ளேயே இடம் மாற்றி நிறுத்தியவற்றையும் சேர்த்தால் கணக்கு வேறு. தஹ்ரீர் சதுக்கத்தில் இருப்பதும் அப்படி வந்ததுதான்.

பிப்ரவரி 4, மதியம்

தஞ்சாவூர் விமானக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்பவருக்கு: அதை இங்கே இழுக்காதீர்கள் ஐயா. அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

பிப்ரவரி 5

லண்டன் தூணைப் பற்றிச் சொல்கிறேன், தினமும் பார்க்கிற ஆள் என்ற உரிமையில்.

முதல் எட்டு மாதம் அது ஏதோ போர் நினைவுச்சின்னம் என்று நினைத்திருந்தேன். தேம்ஸ் கரையில், எம்பேங்க்மென்ட் ஸ்டேஷனுக்குப் பக்கம். அங்கே பெஞ்சுகளின் இரும்புக் கைப்பிடிகள்கூட ஒட்டக உருவத்தில் இருக்கும். அதில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவேன். ஒருநாள் ஒட்டகத்தைப் பார்த்துத்தான் 'இது என்ன எகிப்து சமாச்சாரம்' என்று நிமிர்ந்து பார்த்தேன்.

பெயர் கிளியோபாட்ராவின் ஊசி. கிளியோபாட்ராவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹெலியோபோலிஸில் இதை நிறுத்தியவர் மூன்றாம் துட்மோஸ், கி.மு. 1450 வாக்கில். 200 வருடம் கழித்து இரண்டாம் ராம்சேஸ் வந்து, காலியாக இருந்த ஓரங்களில் தன் பெயரையும் வெட்டிக்கொண்டார். கல்யாணப் பாத்திரத்தில் அடுத்த தலைமுறை பெயர் போட்டுக்கொள்வது மாதிரி.

1819இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா இதைப் பிரிட்டனுக்குப் பரிசாகக் கொடுத்தார். கொண்டுவரச் செலவு யார் செய்வது? 58 வருடம் அலெக்சாந்திரியா மணலிலேயே கிடந்தது. கடைசியில் எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் மருத்துவர் தன் பணம் சுமார் 10,000 பவுண்டு போட்டார். ஜான் டிக்சன் என்ற பொறியாளர் தூணைச் சுற்றியே ஓர் இரும்பு உருளை கட்டினார். 28 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 5 மீட்டர் விட்டம். கல்லை உள்ளே வைத்து மூடி, மேலே சின்ன அறை, பாய்மரம், சுக்கான் எல்லாம் பொருத்திக் கடலில் உருட்டிவிட்டார்கள். அதற்குக் 'கிளியோபாட்ரா' என்றே பெயர். ஓல்கா என்ற நீராவிக் கப்பல் இழுத்துவந்தது.

1877 அக்டோபர் 14, பிஸ்கே வளைகுடாவில் புயல். உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதில் இருந்தவர்களைக் காப்பாற்ற ஓல்காவிலிருந்து ஆறு பேர் படகில் இறங்கினார்கள். படகு கவிழ்ந்து ஆறு பேரும் போய்விட்டார்கள். உருளையில் இருந்தவர்களைப் பிறகு மீட்டுவிட்டார்கள். உருளையை, மூழ்கிவிடும் என்று கைவிட்டுவிட்டுப் போனார்கள். அது மூழ்கவில்லை. தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்ததை வேறொரு கப்பல் பிடித்து, ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்துக்கு இழுத்துப்போய் 5,000 பவுண்டு கேட்டது. பேரம் 2,000இல் முடிந்தது. 1878 ஜனவரியில் தேம்ஸுக்கு வந்து, செப்டம்பரில் நின்றது.

நிறுத்திய விதம் எனக்குப் பிடிக்கும். படுக்கைவாட்டிலேயே ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அடியில் கட்டை அடுக்கி, மறுபடி ஜாக்கி, மறுபடி கட்டை. வேண்டிய உயரம் வந்ததும், பாரத்தின் மையத்தில் மாட்டிய இரும்புச் சட்டத்தின் அச்சில் வைத்துத் தராசு முள் போல ஒரு திருப்பு. நாங்களும் இடம் குறுகலான சைட்டில் ஜாக்கி, கட்டை, ஜாக்கி, கட்டை என்றுதான் ஏற்றுகிறோம்.

பிப்ரவரி 5, அதே இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். பீடத்துக்குள் ஒரு பெட்டியை வைத்து மூடியிருக்கிறார்கள். உள்ளே அன்றைய செய்தித்தாள்கள், ரயில் கால அட்டவணை, கொண்டை ஊசிகள், சுருட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி, இங்கிலாந்தின் அழகிகள் 12 பேரின் புகைப்படம், ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, பிரிட்டிஷ் நாணயங்களோடு ஒரு இந்திய ரூபாய்! ஜாக்கியும் ரூபாயும் இருக்கிற இடத்தில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பிப்ரவரி 6

"ஒரு சம்பந்தமும் இல்லை" என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். அலெக்சாந்திரியாவில் இந்தத் தூணும் இதன் ஜோடியும் நின்றது சிசேரியம் என்ற கோயில் முன்னால். அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியவள் கிளியோபாட்ராதான். ஆனால் தூண்கள் அங்கே வந்து நின்றது கி.மு. 13 அல்லது 12இல், அகஸ்டஸ் ஆட்சியில். அவள் செத்து 17 வருடம் ஆகியிருந்தது. ஆக, வீடு அவளுடையது, தூண் அவளுடையது இல்லை.

பிப்ரவரி 8

கயிற்றில் தண்ணீர் ஊற்றிய கதையைக் கேட்டவருக்கு:

வாடிகன் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் தூண். எகிப்திய எழுத்தே இல்லாத கல், 25 மீட்டருக்குச் சற்று மேல், 320 டன்னுக்குக் குறையாது. ரோமப் பேரரசர் காலிகுலா கொண்டுவந்தது. கப்பல் ஆடாமல் இருக்க 1,20,000 மரக்கால் மைசூர் பருப்பை அடியில் கொட்டி எடுத்துவந்தார்கள் என்று அந்தக் கால ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார் (மரக்கால் என்றது என் சௌகரியத்துக்கு, ரோமர் அளவு மோடியஸ், ஒன்று ஏறக்குறைய ஒன்பது லிட்டர் வரும்). அந்த நகரம் அப்புறம் எத்தனை நாள் சாம்பார் வைத்ததோ.

1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் அதைத் தேவாலயத்தின் பக்கவாட்டிலிருந்து முன்னால் நகர்த்தச் சொன்னார். தூரம் வெறும் 250 மீட்டர் வாக்கில்தான். டொமெனிக்கோ ஃபோன்டானா என்பவர் பெரிய மரக் கோபுரமே கட்டி, 900க்கும் மேல் ஆட்களையும் குதிரைகளையும் வைத்துச் செய்தார். செப்டம்பர் 10 அன்று நிமிர்த்தினார்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மரண தண்டனை என்று உத்தரவாம். கயிறு அறுந்துபோகும் நிலைக்கு வந்தபோது ஒரு மாலுமி மட்டும் "கயிற்றுக்குத் தண்ணீர்!" என்று கத்தினானாம். போப் அவனைத் தண்டிக்காமல் பரிசு கொடுத்தாராம்.

இது கதை. ஆனால் கயிறு பற்றிய விஷயம் கதை இல்லை. மணிலா கயிறு நனைந்தால் பருத்து நீளம் குறையும். மழையில் நனைந்த முடிச்சை அவிழ்க்க ஆணி தேவைப்படும். அமைதியாக இருக்கச் சொன்னதையும் நான் நம்புகிறேன். மரண தண்டனை வேண்டுமானால் ஜோடித்ததாக இருக்கலாம். தூக்கும்போது ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும், மற்றவர் வாயை மூட வேண்டும். இன்றைக்கும் அதுதான் சட்டம். நம் ஆட்களில்தான் சுற்றி நிற்கிற எல்லாரும் "ஏய் ஏய் இந்தப் பக்கம்" என்பார்கள்.

உச்சியில் இருந்த வெண்கல உருண்டைக்குள் ஜூலியஸ் சீசரின் சாம்பல் இருப்பதாக அதுவரை ஊரே நம்பியது. ஃபோன்டானா இறக்கிப் பார்த்தார். சீசரைக் காணோம்.

பிப்ரவரி 11

இஸ்தான்புல். 2016இல் இரண்டு நாள் இறங்கிப் போனேன். சுல்தான் அகமது சதுக்கம், பழைய குதிரைப் பந்தயத் திடல். அங்கே நிற்கும் தூண் மூன்றாம் துட்மோஸ் கர்னாக்கில் வைத்தது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வரை வந்து, அங்கேயே கிடந்து, 390இல் பேரரசர் தியோடோசியஸ் இங்கே நிறுத்தினார். அடிப்பக்கம் உடைந்துபோய், மேல் பாகம் மட்டும்தான் இருக்கிறது. அப்படியும் 18 மீட்டருக்கு மேல்.

பீடத்தில் எழுதியிருக்கிறது: நிறுத்த 30 நாள் ஆனது.

பிப்ரவரி 11, பிறகு

32 நாள் என்று திருத்துகிறவருக்கு: இல்லை, 32 நாள் இல்லை. 30. பக்கத்தில் இருந்த பலகையையே படித்தேன்.

பிப்ரவரி 12

சரி, நேற்றுச் சண்டை போட்டவரிடம் மன்னிப்பு. இரண்டு பேரும் சரி. பீடத்தின் ஒரு பக்கம் லத்தீன் பாட்டு, எதிர்ப்பக்கம் கிரேக்கப் பாட்டு. லத்தீனில் 30 நாள், கிரேக்கத்தில் 32 நாள்! ஒரே கல், ஒரே வேலை, ஒரே பேரரசர், கணக்கு மட்டும் இரண்டு. எனக்கு இது ஆச்சரியமே இல்லை. ஆபீசுக்குப் போகும் ரிப்போர்ட் ஒன்று, சைட் டைரி ஒன்று. எப்போதும் இரண்டு நாள் இடிக்கும். பாட்டின் அசைக்காக லத்தீன்காரர் சுருக்கியிருப்பார் என்று படித்தவர்கள் சொல்லலாம். என் ஓட்டு சைட் டைரிக்கு.

வேலையை நடத்தியவர் நகரத்தின் ஆளுநர் புரோக்ளஸ். பீடத்தில் அவர் பெயரும் இருக்கிறது. சில வருடத்தில் அரசியலில் சிக்கி அவருக்கு மரண தண்டனை. கல்லிலிருந்து பெயரைச் சுரண்டிவிட்டார்கள். பிறகு காற்று மாறியதும் மறுபடி வெட்டினார்கள். அந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கும்.

கீழ் பீடத்தில் தூணை நிமிர்த்தும் காட்சியே செதுக்கியிருக்கிறது. கயிறு, ஆட்கள் தள்ளிச் சுற்றும் உருளை எல்லாம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி மசூதி முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "தூண் மேலே இருக்கு, நீங்க எங்க பாக்கறீங்க" என்றாள்.

பிப்ரவரி 12

பீடத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

ஒரு துறைமுக யார்டு. 60 டன் சாமான். நான்கு மூலையிலும் ஜாக்கி, அடியில் ஸ்லீப்பர் கட்டை அடுக்கு. முந்தின நாள் மழை. நான் மேலே ஸ்லிங்கை (பாரத்தைக் கட்டித் தூக்கும் கயிறு) பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாரும் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மூலையில் கட்டை மண்ணுக்குள் இரண்டு விரற்கடை இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஜாக்கி சாய்ந்து, 'ணங்' என்று வெளியே எகிறியது. ஒருவன் முழங்காலை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே திருப்பினார், அவ்வளவுதான். அந்தக் கையின் கிரீஸ் வாசனை இன்னும் இருக்கிறது.

எகிப்தில் பழம்பொருள் தேடி எடுத்த பெல்சோனி என்ற இத்தாலியருக்கும் இதேதான் நடந்தது. 1818இல் ஃபிலே தீவிலிருந்து ஒரு சின்னத் தூணை வில்லியம் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேயருக்காக அவர் படகில் ஏற்றப் பார்த்தார். கரையில் கல் அடுக்கிக் கட்டிய மேடை பாரம் தாங்காமல் உட்கார்ந்தது. தூண் நழுவி நைலுக்குள். இரண்டு மூன்று நாளில் நெம்பி வெளியே எடுத்தார்கள். இப்போது அது இங்கிலாந்தில், டார்செட்டில், கிங்ஸ்டன் லேசி என்ற மாளிகைத் தோட்டத்தில் நிற்கிறது.

அதன் பீடத்தில் என்ன எழுத்து தெரியுமா? ஃபிலே கோயில் பூசாரிகள் ராஜாவுக்கு எழுதிய மனு, கிரேக்கத்தில். அதிகாரிகளும் சிப்பாய்களும் வந்து வந்து எங்கள் செலவில் தின்கிறார்கள், காப்பாற்றுங்கள் என்று. கோயில் நிர்வாகம் எங்கும் ஒன்றுதான். அந்தக் கிரேக்கத்தில் இருந்த கிளியோபாட்ரா பெயரும், தூணில் இருந்த சித்திர எழுத்துப் பெயரும் சேர்ந்துதான் எகிப்திய எழுத்தைப் படிக்க ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞருக்குக் கைகொடுத்தன. 2014இல் வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே என்ற கலத்துக்கு இந்தத் தூணை வைத்துத்தான் பெயர்.

பிப்ரவரி 15

திருட்டா பரிசா என்ற விஷயத்துக்கு வராமல் நழுவுகிறேன் என்று தம்பி குற்றம் சாட்டுகிறான். வருகிறேன்.

ரோமர்கள் எடுத்தது ஜெயித்தவன் எடுத்தது. அதற்குப் பத்திரம் கிடையாது. அவர்களும் முதல் ஆள் இல்லை. கி.மு. 663 வாக்கில் அசீரிய ராஜா அசூர்பனிபால் தீப்ஸைச் சூறையாடி, பளபளவென்று உலோகம் போர்த்திய இரண்டு தூண்களை அசீரியாவுக்குக் கொண்டுபோனதாகத் தானே எழுதிவைத்திருக்கிறார். அவை இன்று எங்கும் இல்லை. உருக்கியிருப்பார்கள்.

பாரிஸ், லண்டன், நியூயார்க் மூன்றும் பரிசு. லண்டனுக்குச் சொன்னேன். பாரிஸ் கதை இது: லக்சர் கோயில் வாசலில் ராம்சேஸ் வைத்த ஜோடி. ஷாம்போலியன் அங்கே போய்ப் பார்த்து, அலெக்சாந்திரியா ஊசிகளைவிட இவைதான் உசத்தி என்று பிரான்ஸை மாற்றிவிட்டார். இரண்டையுமே முகமது அலி எழுதிக்கொடுத்தார். முதலில் வலது பக்கத் தூண். அதற்கென்றே 'லக்சர்' என்ற பெயரில் ஒரு தட்டையான கப்பல். கடலிலும் போக வேண்டும், நைலிலும் சேன் நதியிலும் தரை தட்டாமல் நுழைய வேண்டும். நடுவில் ஆட்களுக்குக் காலரா. வழியில் இருந்த கிராமத்து வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துப் பாதை போட்டார்கள். 1833 டிசம்பரில் கப்பல் பாரிஸ் வந்தபோது ஷாம்போலியன் இல்லை, முந்தின வருடமே போய்விட்டார். 1836 அக்டோபர் 25 அன்று கான்கார்ட் சதுக்கத்தில் லெபாஸ் என்ற பொறியாளர் நிமிர்த்தினார். இரண்டு லட்சம் பேர் வேடிக்கை.

பதிலுக்கு பிரான்ஸ் ஒரு மணிக்கூண்டுக் கடிகாரம் கொடுத்தது. கெய்ரோ கோட்டையில், முகமது அலி மசூதி முற்றத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஓடியதே இல்லை. 3,200 வருடக் கல்லுக்கு ஓடாத கடிகாரம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கினவன்கூட இதைவிட லாபம் பார்த்திருப்பான்.

பரிசு என்கிறோம். ஆனால் கொடுத்த பாஷா உஸ்மானியப் பேரரசின் பிரதிநிதி, பிறந்தது மாசிடோனியப் பக்கம். அது அவர் அப்பா வீட்டுச் சொத்தா? போன வாரம் யாராவது கேட்டிருந்தால் "பரிசு, முடிந்தது, விடு" என்றிருப்பேன். எழுத எழுத அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

இரண்டாவது தூணை பிரான்ஸ் எடுக்கவே இல்லை. 1981இல்தான் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான் முறைப்படி 'வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்றார். 150 வருடமாக வேறு நாட்டின் பெயரில் எழுதிய தூண் தன் வாசலிலேயே நின்றிருக்கிறது.

பிப்ரவரி 15, பின்குறிப்பு

பாரிஸ் பீடம்! எப்படி மறந்தேன்? மூலப் பீடத்தில் சூரியனை வணங்கும் வாலில்லாக் குரங்குகள்... திருத்தம், வால் உண்டு, பபூன். பின்னங்காலில் நின்று, எல்லாம் தெரிய. பாரிஸ் மக்களுக்கு அது ஆகாது என்று ஒரு பகுதியை லூவ்ர் மியூசியத்துக்குள் வைத்துவிட்டு, புதுப் பீடம் செய்தார்கள். அதில் என்ன வரைந்தார்கள் என்றால் கயிறு, மரச் சட்டம், கப்பி. தங்கத்தில் பூசிய ரிக்கிங் படம்! நான் இன்னும் பாரிஸ் போகவில்லை. போனால் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் அங்கேதான்.

பிப்ரவரி 19

நியூயார்க் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. லண்டன் தூணின் ஜோடிதான். லண்டனுக்கு வந்தது விழுந்து கிடந்தது, இது நின்றுகொண்டிருந்தது. ஹென்றி கோரிஞ்ச் என்ற கடற்படை அதிகாரி ஒரு பழைய நீராவிக் கப்பலை வாங்கி, முகப்பில் ஓட்டை வெட்டி, தூணை நூல் கோக்கிற மாதிரி உள்ளே நுழைத்தார். செலவு வில்லியம் வாண்டர்பில்ட் என்ற பணக்காரருடையது. ஹட்சன் கரையிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை ஊருக்குள் நகர்த்த மட்டும் 112 நாள். 1881 ஜனவரி 22, பனிக்குள் நின்றது. புண்ணியவான் கோரிஞ்ச் பீடத்தையும் படிகளையும்கூட விடாமல் எடுத்துவந்தார். பீடம் மட்டும் 50 டன், 32 குதிரை இழுத்தது.

மூலைகள் உடைந்திருந்ததால் ரோமர்கள் நான்கு வெண்கல நண்டுகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பார்க்கில் இருப்பவை நகல். மிச்சமிருந்த இரண்டு அசல் நண்டுகள் பக்கத்திலேயே மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். நண்டின் காலில் யார், எப்போது நிறுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறது. அதை முதலில் அகஸ்டஸின் 8ஆம் ஆண்டு என்று படித்துவிட்டார்கள். பிறகுதான் 18 என்று திருத்தம் வந்தது. நான் 13, 8 என்று தடுமாறியதைக் கிண்டல் செய்தவர்கள் இதைக் கவனிக்க.

ஆனால் அந்த ஊர்க் குளிரும் ஈரமும் கல்லுக்கு ஆகவில்லை. நான்கு வருடத்தில் பொரி பொரியாக உதிர, 1885இல் மெழுகு காய்ச்சிப் பூசினார்கள். 2011இல் எகிப்தின் அன்றைய தொல்பொருள் துறைத் தலைவர் ஜாஹி ஹவாஸ், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கடிதமே எழுதினார். தம்பி, "யாரும் கேட்பதில்லை" என்றாயே, கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு 2014இல் லேசர் வைத்துச் சுத்தம் செய்தார்கள்.

பிப்ரவரி 20

"திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா?" நடந்திருக்கிறது. எகிப்துக்கு இல்லை, எத்தியோப்பியாவுக்கு. அக்சும் தூண், 24 மீட்டர், 160 டன். 1937இல் முசோலினி ஆட்கள் ரோமுக்குக் கொண்டுபோனார்கள். 1947 சமாதான ஒப்பந்தத்தில் திருப்பித் தருவோம் என்று கையெழுத்து. 2002இல் இடி விழுந்து உச்சி உடைகிறவரை சாக்குப்போக்கு. பிறகு மூன்று துண்டாகப் பிரித்து, 2005இல் அன்டோனோவ் 124 விமானத்தில் ஒவ்வொன்றாக அக்சுமுக்கு. 2008இல் மறுபடி நின்றது.

கல்லை அறுக்காமல் விமானத்தில் ஏற்ற முடியாது என்கிறவருக்கு: இதைப் புதிதாக அறுக்கவில்லை. அது ஏற்கெனவே விழுந்து உடைந்து கிடந்த கல். 1937இல் கொண்டுபோய் ரோமில் ஒட்டிவைத்தார்கள். பழைய ஒட்டு இருந்த இடத்திலேயே பிரித்தார்கள். லண்டன் தூணுக்கு அந்த வசதி இல்லை, ஒரே கல். ஆனால் கப்பல் இருக்கிறதே. இன்றைய ஹெவி லிஃப்ட் கப்பலுக்கு 200 டன் என்பது கொசு. முடியாது என்று யாராவது காரணம் சொன்னால், அது என் தொழிலின் மேல் பழி போடுவது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று லீவு. எம்பேங்க்மென்ட் போனேன், இந்த இழைக்காகவே.

இரண்டு பக்கமும் வெண்கல ஸ்பிங்க்ஸ்கள். தூணைக் காவல் காக்க வேண்டியவை, வெளியே பார்க்காமல் தூணையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. திருப்பி வைத்துவிட்டார்கள். வெளிப்பக்கம் பின்புறம் தெரிய ஒரு காவலாளி. அதில் ஒன்றின் உடம்பில் 1917 செப்டம்பரில் விழுந்த ஜெர்மன் குண்டின் துளைகள் அப்படியே இருக்கின்றன. விரலை விட்டால் முதல் கணு வரை போகிறது. உள்ளே மழைத் தண்ணீர்.

கடலில் போன ஆறு பேரின் பெயரும் பீடத்தில் இருக்கிறது. வில்லியம் ஆஸ்கின், மைக்கேல் பர்ன்ஸ், ஜேம்ஸ் கார்டினர், வில்லியம் டொனால்ட், ஜோசப் பென்போ, வில்லியம் பேட்டன். வளைகுடாவில் நான் வேலை செய்த எந்தக் கட்டடத்திலும் விழுந்து செத்தவன் பெயர் கிடையாது. ராம்சேஸின் தூண்களிலும் குவாரியில் செத்தவன் பெயர் கிடையாது. இங்கே இருக்கிறது. இதைத் திருப்பி அனுப்பினால் இந்தப் பலகை எங்கே போகும் என்று யோசித்தேன். பலகை இங்கேயே இருக்கட்டும், தூண் போகட்டும் என்றும் தோன்றியது. பத்து நிமிடம் கழித்து, வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. தம்பி, என்னிடம் இதற்குமேல் பதில் எடுக்க முடியாது.

தூணின் அடி விளிம்புகளைப் பார்க்க முடியவில்லை. உடைந்த மூலைகளை மறைக்க வெண்கலத்தில் இறக்கை மாதிரி செய்து போர்த்தியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 24

கடைசியாக ஒன்று. கெய்ரோவுக்குப் போன அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். கீசாவின் புது மியூசியம், வாசலில் ராம்சேஸின் தூண் ஒன்று, வடக்கே சான் அல் ஹகரிலிருந்து வந்தது. அதைத் தரையில் வைக்காமல் நான்கு பெரிய தூண்கள் மேல் ஏற்றி, அடியில் ஆள் நடக்கிற மாதிரி விட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தூணின் அடிப்பாகம். அங்கே ராம்சேஸின் பெயர்ச் சின்னம் வெட்டியிருக்கிறது. நிறுத்திவிட்டால் எவன் கண்ணிலும் படாத இடம். 3,000 வருடத்துக்கு மேல் யாரும் பார்க்காமல் மண்ணோடு கிடந்தது. மற்றவர் தூணிலெல்லாம் பெயர் போட்ட மனுஷன், தன்னுடையதை எவனும் வழித்துவிடக் கூடாது என்று அடியிலும் போட்டுவைத்திருக்கிறார்.

படத்தில் பையன் முகம் பாதிதான் தெரிகிறது. 110 டன் தலைக்கு மேலே. ஹெல்மெட் போட்டாயா என்று பதில் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறான்.